கஸ்ஸாலியின் தொடக்கமும் மெய்கண்டாரின் ஒடுக்கமும்

பெருவெடிப்பைப் பற்றிப் பேச்சு எழுந்தால் அடுத்த நொடியே கடவுளைப் பற்றிய பேச்சும் வந்துவிடுகிறது. 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் அண்டம் விரியத் தொடங்கியது என்றால், தொடங்கிவைத்தவர் யார் என்று ஒரு தரப்பு கேட்கிறது. யாரும் தேவையில்லை என்கிறது மறு தரப்பு. கடவுளுக்குச் சான்று உண்டென்றால் அது உலகின் முதல் நொடியில்தான் கிடைக்கும் என்பதை மட்டும் இருவரும் விவாதிக்காமலே ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். அப்படி ஒப்புக்கொள்ளத்தான் வேண்டுமா? உலகத்திலிருந்து இறைவனை நோக்கிப் போகும் இரண்டு பழைய வாதங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். ஒன்று, தமிழ் முஸ்லிம்கள் இமாம் கஸ்ஸாலி என்று போற்றும் பாரசீக அறிஞர் வைத்தது. மற்றொன்று, திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் முதல் நூற்பாவில் வைத்தது. இரண்டுக்கும் இடையே நூறாண்டுக்குச் சற்று மேற்பட்ட இடைவெளிதான் இருக்கிறது.

கஸ்ஸாலி (1058–1111) பாக்தாத் நிஜாமிய்யா கல்விக்கூடத்தில் ஆசிரியராக இருந்தவர். அவருடைய வாதம் மூன்று வரியில் அடங்கும்: தோன்றியது எதற்கும் காரணம் உண்டு, உலகம் தோன்றியது, ஆகவே உலகத்துக்கும் ஒரு காரணம் உண்டு. இதில் எல்லாப் பாரமும் இரண்டாம் வரியின்மேல் விழுகிறது. உலகம் அநாதியானது, ஆனாலும் இறைவனையே சார்ந்து நிற்பது என்று இப்னு சீனா முதலிய தத்துவவாதிகள் சொல்லிவந்தார்கள். அவர்களை மறுக்கவே கஸ்ஸாலி 'தஹாஃபுத் அல்-ஃபலாசிஃபா' எழுதினார். அதன் இருபது விவாதங்களில் முதலாவது, உலகம் அநாதியா என்பதுதான்.

அங்கே அவர் வானத்துக் கோள்களைக் கொண்டு ஒரு கணக்குப் போடுகிறார். சூரியன் ஓராண்டில் ஒரு சுற்று வருகிறது, சனி முப்பது ஆண்டில் ஒரு சுற்று வருகிறது. அக்காலத்து வானியல் கண்ட கணக்கு அது. அப்படியானால் சனியின் சுற்றுகள் எப்போதும் சூரியனின் சுற்றுகளில் முப்பதில் ஒரு பங்காகவே இருக்கவேண்டும். ஆனால் உலகத்துக்குத் தொடக்கமே இல்லையென்றால் இரண்டுமே எல்லையில்லாத முறை சுற்றி முடித்திருக்கும். எல்லையில்லாதது எல்லையில்லாத இன்னொன்றில் முப்பதில் ஒரு பங்காக இருப்பது எப்படி? இதுவரை ஆன சுற்றுகள் ஒற்றைப்படையா, இரட்டைப்படையா? எந்த விடை சொன்னாலும் இடிக்கிறது. ஆகவே காலத்துக்குத் தொடக்கம் ஒன்று இருந்தே தீரவேண்டும் என்கிறார். 19ஆம் நூற்றாண்டில் கணிதவியலாளர் கேன்டர் வகுத்த கணங்களின் கணிதம் இந்த முடிச்சைத் தளர்த்திவிட்டது. எல்லையற்ற தொகுதி தன் ஒரு பகுதிக்கே சமமாக இருக்கலாம் என்று அது காட்டியது. கணிதத்தில் இருப்பது உண்மை உலகிலும் இருக்கமுடியுமா என்ற வழக்கு மட்டும் இன்னும் ஓய்ந்தபாடில்லை.

தொடக்கம் உண்டென்று வைத்துக்கொண்டால் அடுத்த சிக்கல் வந்து நிற்கிறது. காலத்தின் எல்லாக் கணங்களும் ஒன்றுபோலவே இருக்க, அந்தக் கணத்தை மட்டும் இறைவன் ஏன் தேர்ந்தான்? பசித்தவன் முன் எந்த வேறுபாடும் இல்லாத இரண்டு பேரீச்சம்பழங்களை வைத்தால் அவன் பட்டினி கிடப்பானா, ஒன்றை எடுப்பான் அல்லவா என்று கேட்கிறார் கஸ்ஸாலி. ஒத்த இரண்டில் ஒன்றைப் பிரித்தெடுப்பதே விருப்பத்தின் இயல்பு. ஆகவே உலகின் காரணம் தீயைப் போல இயல்பாகச் செயல்படும் பொருளாக இருக்கமுடியாது. விரும்பிச் செய்பவனாகத்தான் இருக்கவேண்டும். அவருடைய வாதத்தில் என்னை மிகவும் கவர்ந்த இடம் இது. வெறும் காரணத்திலிருந்து இறைவனுக்கு வந்து சேரும் அந்த ஓர் அடியைப் பலர் எடுக்காமலே எடுத்ததாக எண்ணிக்கொள்வார்கள். கஸ்ஸாலி அதை எடுத்துக் காட்டினார்.

மெய்கண்டார் வேறு திசையிலிருந்து வருகிறார். சிவஞானபோதம் பன்னிரண்டு நூற்பா, நாற்பது வரி. அவன், அவள், அது என்று சுட்டப்படும் பொருள்களால் ஆனது உலகம். அவை ஒவ்வொன்றும் தோன்றி, நின்று, ஒடுங்குவதைக் காண்கிறோம். ஆகவே உலகமும் இம்மூன்று தொழிலுக்கு உட்பட்டது. எதில் ஒடுங்கியதோ அதிலிருந்தே அது மீண்டும் தோன்றும். தானாகத் தோன்றச் சடத்துக்கு அறிவில்லை. உயிருக்கோ அறிவு மலம் என்னும் அழுக்கால் மறைந்திருக்கிறது. எனவே எல்லாவற்றையும் ஒடுக்கி, தான் ஒடுங்காமல் நிற்பவனே முதல்வன்.

முதல் நாள் என்ற ஒன்றே இங்கே கிடையாது. படைப்பும் ஒடுக்கமும் அநாதியாகத் தொடர்கின்றன. மாயையும் உயிர்களும்கூட அநாதி. இல்லாதது தோன்றாது என்பது சைவ சித்தாந்தத்தின் அடிப்படை. குடத்துக்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்பது அந்த மரபில் எல்லாருக்கும் தெரிந்த உவமை. அதன்படி உலகத்துக்கு மாயை முதற்காரணம், சக்தி துணைக்காரணம், சிவன் நிமித்த காரணம். விதைக்குள் இருக்கும் முளை, நிலம் குளிர்ந்தபோது வெளிவருவதுபோல, உயிர்கள் தத்தம் வினைக்கேற்ற உடம்பை இறைவனால் பெறுகின்றன என்று மெய்கண்டாரே எடுத்துக்காட்டு வெண்பாவில் விளக்குகிறார். 'ஏன் அந்தக் கணம்' என்ற கேள்வி இவரிடம் எழவே எழாது. கஸ்ஸாலியிடம் விருப்பம் செய்த வேலையை இவரிடம் வினையும் அருளும் செய்கின்றன. களைத்த உயிர்களுக்கு இளைப்பாறுதல் ஒடுக்கம். மலம் பழுத்து வீடு பெற வாய்ப்பு, படைப்பு.

இனி இன்றைய அண்டவியலை இரண்டுக்கும் நடுவே வைத்துப் பார்ப்போம். அமெரிக்க மெய்யியலாளர் வில்லியம் லேன் கிரேக் 1979இல் கஸ்ஸாலியின் வாதத்தை மீட்டெடுத்து, பெருவெடிப்பை அதன் இரண்டாம் வரிக்குச் சான்றாக்கினார். வாதத்துக்கு அதனால் பலமும் கூடியது, ஆபத்தும் கூடியது. பெருவெடிப்புக்கு முன்னும் ஏதோ இருந்தது என்று நாளை ஓர் இயற்பியலாளர் நிறுவினால் அந்தச் சான்று சரிந்துவிடும். பெருவெடிப்புக் கருத்துக்கு வித்திட்ட ஜார்ஜ் லெமெத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ் அதைப் படைப்புக்குச் சான்றுபோல் எடுத்துப் பேசியபோது அவர் மகிழவில்லை. தம் கோட்பாடு சமயக் கேள்விக்கு வெளியே நிற்பது என்பதில் அவர் கடைசிவரை உறுதியாக இருந்தார். தம் நம்பிக்கையை ஒரு சமன்பாட்டிடம் அடகு வைக்க மறுத்தவர் என்றே அவரை நான் மதிக்கிறேன்.

மெய்கண்டாருக்கு அந்த ஆபத்து இல்லை. பெருவெடிப்புக்கு முன் இன்னோர் அண்டம் இருந்ததென்றால் அவருக்கு அது வியப்பே அல்ல. ஆனால் அவருக்கும் ஓர் இடர் உண்டு; அதை, உலக ஒடுக்கத்தை ஏற்காத மீமாம்சை மரபினர் அன்றே கண்டார்கள். மரம் சாகிறது, மனிதன் சாகிறான், சரி; அதனால் உலகம் முழுவதும் ஒருங்கே ஒடுங்கும் என்று ஆகிவிடுமா? பகுதிக்கு உள்ளது முழுமைக்கும் உண்டு என்பதற்கு என்ன உறுதி? சித்தாந்திகள் இதற்கு நீண்ட மறுப்பு எழுதியிருக்கிறார்கள். இருந்தும் எனக்கு முழு நிறைவு இல்லை. அண்டத்தின் விரிவு வேகமெடுக்கிறது என்று 1998இல் கண்டறிந்ததும் ஒடுக்கத்துக்குத் துணைநிற்கவில்லை.

ஆயினும் மெய்கண்டார் கேட்ட கேள்வியே ஆழமானது என்பேன். உலகம் எப்போது தொடங்கியது என்பதை அளந்து சொல்லக் கருவிகள் உண்டு. தானாக இயங்க அறிவில்லாத உலகம் இடைவிடாமல் ஒழுங்காக மாறிக்கொண்டிருப்பது எதைச் சார்ந்து என்ற கேள்வி, தொடக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அப்படியே நிற்கும். இப்னு சீனாவும் இதற்குப் பக்கத்தில்தான் நின்றார். கஸ்ஸாலி அவரைத் தள்ளிவிட்டுத் தொடக்கத்தைப் பற்றிக்கொண்டதில் ஒரு நல்ல வழி அடைபட்டது என்பது என் எண்ணம்.

கஸ்ஸாலியை அப்படிச் செய்யத் தூண்டியது வெறும் தருக்கம் அன்று. இறைவனோடு கூட இன்னொன்றும் அநாதியாக இருக்கிறது என்றால் அவன் ஒருமைக்கே அது பங்கம் என்று அவர் கருதினார். மாயையும் உயிர்களும் தாமே என்றும் உள்ளவை என்றால் அவை இருப்பதற்கு இறைவன் எதற்கு என்று அவர் மெய்கண்டாரைக் கேட்டிருப்பார். சித்தாந்தம் இறைவனைக் குயவன் அளவுக்குக் குறுக்கிவிடுகிறதா என்ற வலுவான கேள்வி அது. மெய்கண்டாரும் பதிலுக்கு ஒன்று கேட்டிருப்பார்: எல்லாவற்றையும் இன்மையிலிருந்து தன் விருப்பத்தால் மட்டுமே ஆக்கினான் என்றால், ஒரு குழந்தை நோயோடும் இன்னொன்று நலத்தோடும் பிறப்பதற்கு அந்த விருப்பத்தைத் தவிர வேறு என்ன பதில் இருக்கிறது?