பாற்பல்லும் பாடசாலையும்

யாழ்ப்பாணப் பட்டினத்தின் தென்கிழக்கே, கடனீரேரிக் கரையில் அமைந்த ஊர் கொழும்புத்துறை. பூநகரிக்குத் தோணியேறுவோர் கூடிய இத்துறையில், குழந்தையொன்றுக்குப் பல்வலி கண்டால் முன்னாளில் தாய்மார் செய்தது யாது? சூத்தைப் பல்லிற் கிராம்பை வைத்து அழுத்தினர். உப்புநீரால் வாய் கொப்புளிக்கச் செய்தனர். அதற்கும் அடங்காவிடின், "விழுகிற பல்தானே" என்று ஆறுதல் கூறினர். அவ்வாறுதல் மொழியே குழந்தைகளின் பற்களுக்கு நேர்ந்த பெருங்கேடு எனலாம்.

மேனாட்டு வைத்தியம் யாழ்ப்பாணத்திற்குப் புதிதன்று. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் வந்து, மானிப்பாயில் மாணவருக்குத் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். 1850இல் அரசாங்க அதிபர் டைக்கின் முயற்சியாற் பட்டினத்திலும் வைத்தியசாலை எழுந்தது. ஆயினும் பல்லுக்கெனத் தனியே கற்றவர் அரியர். இலங்கைப் பல்கலைக்கழகத்திற் பல்வைத்தியக் கல்வி தொடங்கியதே 1943இல். அங்ஙனமிருக்க, ஊர்தோறும் குழந்தைகளின் வாயைத் திறந்து பார்க்க யார் வருவர்?

விடை நியூசிலாந்திலிருந்து வந்தது. முதலாம் உலகப்போருக்கு ஆள் சேர்த்தபோது அந்நாட்டு இளைஞரின் பற்கள் கெட்டிருந்தமை கண்டு அரசினர் திடுக்குற்றனர். 1921இல் தோமஸ் ஹன்றரின் திட்டப்படி இளம்பெண்களுக்கு ஈராண்டுப் பயிற்சி அளித்து, பாடசாலைகளிலேயே சிறுவரின் பற்களை அடைக்கவும் பிடுங்கவும் ஏற்பாடு செய்தனர். பல்வைத்தியர் சிலர் எதிர்த்தனர். சிறுவரோ அக்கூடத்திற்குக் 'கொலைக்களம்' என்றே பெயரிட்டனர்; காலால் மிதித்துச் சுழற்றிய துளைகருவியை நினைத்தால் அவர்களைக் குறைகூறுவதற்கில்லை. எனினும் திட்டம் நிலைத்தது. கொழும்புத் திட்டத்தின்கீழ், 1950களில், நியூசிலாந்தின் உதவியுடன் மகரகமையிலும் இத்தகைய தாதியருக்குப் பயிற்சிக்கூடம் அமைந்தது.

யாழ்ப்பாணத்திலோ இடையிற் போர் குறுக்கிட்டது. 1995 ஒக்டோபரிற் பட்டினமும் வலிகாமமும் ஊரோடு பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, குழந்தையின் பல் யாருக்கு நினைவிருக்கும்?

இலங்கைச் சிறுவரின் பற்சிதைவு குறைந்ததென்பது உண்மையே. பன்னிரண்டு வயதினர் ஒருவருக்குச் சிதைந்தும் இழந்தும் அடைத்தும் இருந்த நிலைப்பற்கள் 1994-95இற் சராசரி 1.4, 2002-03இல் 0.9. பாடசாலைச் சேவையினும், புளோரைட் கலந்த பற்பசை பரவியமையே இதற்குப் பெருங்காரணம் என்பாரும் உளர். ஆனால் ஐந்து வயதினரில் நூற்றுக்கு ஏறத்தாழ 65 பேருக்கு 2002-03இற் சூத்தை இருந்தது. 2015-16இலும் அத்தொகை சிறிதளவே குறைந்தது.

காரணம் தெளிவு. பாற்பற்கள் ஆறாம் மாதமளவில் முளைக்கத் தொடங்கி, இரண்டரை வயதளவில் இருபதும் நிறைகின்றன. சீனியிட்ட பாற்போத்தலை வாயில் வைத்தபடி உறங்கும் குழந்தைக்குப் பாடசாலை வாயிலை மிதிக்குமுன்னரே சூத்தை விழுந்துவிடுகிறது. பாடசாலைக் கூடத்திலிருக்கும் தாதி அதனைக் காண்பது காலங்கடந்தே. அகாலத்திற் பிடுங்கிய பல்லின் இடம் சுருங்க, பின்வரும் நிலைப்பல் கோணி முளைக்கிறது.

கருவுற்ற தாய்மாரின் வாய்ப் பரிசோதனையும் இன்று தாய்சேய் நலப்பணியுட் சேர்ந்துள்ளது. தாயொருத்தி வீட்டிலேயே குழந்தையின் மேலுதட்டை உயர்த்திப் பார்க்கலாம். ஈறோரத்தில் மங்கிய வெண்கோடு தென்படுமாயின் அதுவே சிதைவின் தொடக்கம். அந்நிலையில் அதனைத் தடுக்கத் துளைகருவி வேண்டுவதில்லை.