ஊவாத் தோட்டங்களும் சுகாதாரக் கைந்நூலும்

சுகாதாரத் திட்டமொன்றை நடைமுறைப்படுத்துவதற்கென ஆராய்ச்சியாளர் பலர் கூடி உருவாக்கும் கைந்நூல், இலக்கிய வரலாற்றாசிரியரின் கவனத்தைப் பொதுவாகப் பெறுவதில்லை. அது தொழில்நுட்பஞ் சார்ந்தது, நடுநிலையானது எனக் கொள்ளப்படுகின்றது. ஆயின், யார் எழுதினர், எம்மொழியில் எழுதினர், யாரைப் பேசவிடாது எழுதினர் ஆகிய வினாக்கள் கைந்நூலுக்கும் பொருந்துவனவே. பதுளையைத் தலைநகராகக் கொண்ட ஊவா மாகாணத்தின் பெருந்தோட்டங்களை மனங்கொண்டு, கொழுக்கிப்புழு ஒழிப்பியக்கத்தின் கைந்நூலை இவ்வகையில் நோக்க முற்படுகின்றோம்.

ஊவா தனி மாகாணமாக அமைக்கப்பட்டது 1886இலாகும். கோப்பி வீழ்ந்து தேயிலை தலையெடுத்த காலம் அது. 1890இல் அப்புத்தளைக்கு அண்மையில் லிப்டனின் தம்பேதன்னைத் தொழிற்சாலை எழுந்தது. ஆயினும் 1924இலேயே புகையிரதம் பதுளையை அடைந்தது. அதுவரை பசறை, மடுல்சீமை, நமுனுகுலைப் பகுதித் தோட்டங்கள் போக்குவரத்தாற் பெரிதும் ஒதுங்கிக் கிடந்தன. 1872ஆம், 1912ஆம் ஆண்டுகளின் கட்டளைச் சட்டங்கள் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளைத் தோட்ட உடைமையோடு பிணைத்தன. இதனால் நோயாளியின் உடல் உற்பத்திச் செலவுக் கணக்கில் ஓரினமாயிற்று.

கொழுக்கிப்புழுவின் குடம்பி, மலத்தால் அசுத்தமுற்ற ஈரமண்ணில் வளர்ந்து, வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்புகுவது. குடற்சுவரைப் பற்றி இரத்தத்தை உறிஞ்சி அது சோகையை உண்டாக்கும். நோய் பரவ வேண்டுவன மூன்று: ஈரமண், வெறுங்கால், மலசலகூடமின்மை. முதலாவதை மலைநாட்டு மழை தந்தது. ஏனைய இரண்டையும் தந்தது தோட்ட முறைமையே. சோகையால் தளர்ந்தவர் சோம்பேறியெனப் பழிக்கப்பட்டனர். முழுப்பேருக்கு உழைக்க இயலாதவருக்கு அரைப்பேரே விழுந்தது. நோயின் குறியைத் தொழிலாளியின் குணக்கேடாகக் காட்டுவது சுரண்டலுக்கு வாய்ப்பாயிருந்தது.

இந்நோயை ஒழிக்க றொக்பெல்லர் நிதியத்தார் 1913இற் சர்வதேச அமைப்பொன்றை ஏற்படுத்தினர். அதன் பணியாளரான மருத்துவர் ஹெக்டர் ஹோவார்ட் பிரித்தானிய கயானாவில் 'தீவிர முறை' எனப்படும் செயல்முறையை வகுத்தார். அது 1919இல் நூலாகவும் வெளிவந்தது. பிரதேசத்தின் வரைபடத்தை ஆக்குதல், வீடுகளை எண்ணுதல், ஒவ்வொருவர் பெயரையும் பதிதல், மலத்தை நுணுக்குக்காட்டியாற் சோதித்தல், மருந்து கொடுத்தல், குணமாகும்வரை மீளச் சோதித்தல் என அது படிப்படியாகச் செல்லும். பல நாடுகளிற் பணியாற்றியோரின் அறிக்கைகள் ஒப்பிடப்பட்டுச் செப்பஞ் செய்யப்பட்டமையால், கூட்டு ஆராய்ச்சியின் ஆக்கமாகவே இதனைக் கருதலாம்.

கயானாவின் கரும்புத் தோட்டங்களில் உழைத்தோருட் பெருந்தொகையினர் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற இந்தியர். அவருட் தமிழரும் இருந்தனர். 1916இல் இலங்கையில் இவ்வியக்கம் மாத்தளைத் தோட்டங்களிலேயே தொடங்கிற்று. ஒரு பெருந்தோட்டத்திலிருந்து மற்றொரு பெருந்தோட்டத்திற்கு முறைமை பெயர்ந்தமை தற்செயலன்று. எண்ணப்பட்ட, ஓரிடத்திற் கட்டுண்ட மக்களை அது வேண்டி நின்றது. லயமும் செக்ரோலும் அம்மக்களை ஏற்கெனவே ஆயத்தமாக வைத்திருந்தன. கிராமத்தில் இணங்கவைத்துச் செய்யவேண்டியதைத் தோட்டத்திற் கட்டளையாற் செய்ய முடிந்தது எனலாம்.

இம்முயற்சியாற் பலர் நலம் பெற்றனர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் மருந்துண்டவர் மீண்டும் அதே மண்ணிலேயே வெறுங்காலுடன் நடந்தனர். மலசலகூடமின்றேல் மருந்து நிலையான பயன்தராது என்பதை ஆராய்ச்சியாளர் அறியாதவரல்லர். எனினும் மருந்து அவர் கையிலிருந்தது. மலசலகூடத்திற்கான பணமோ துரைமார் கையிலிருந்தது. 1926இற் களுத்துறையில் உருவான சுகாதாரப் பகுதி முறைமை, நோயொன்றை மட்டும் நோக்காது தாய்சேய் நலம், சுற்றாடற் சுகாதாரம் ஆகியவற்றையும் ஒருங்கிணைத்தது, நாடெங்கும் பரவியது. ஆயின் தோட்டச் சுகாதாரம் நெடுங்காலம் நிருவாகத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டது.

மொழியையும் இங்கு நோக்குதல் தகும். 1872இல், மருத்துவத் தேவைகள் சட்டம் பிறந்த அதே ஆண்டில், மானிப்பாயிற் பணியாற்றிய மருத்துவர் கிறீன் தம் மாணவரின் துணையுடன் ஆக்கிய 'மனுஷ அங்காதிபாதம்' வெளிவந்தது. தமிழ் மருத்துவ விஞ்ஞானத்தைத் தாங்கவல்லது என்பதற்கு அதுவே சான்று. தோட்டத்துரைமாருக்கென எழுந்த தமிழ்க் கைந்நூலின் பெயரோ 'இங்கே வா' என்பது. ஒன்றிலே தமிழ் அறிவின் மொழி; மற்றையதிலே ஏவலின் மொழி. மலையகத் தொழிலாளி நாளாந்தம் எதிர்கொண்டது பின்னதையே.

1978இல் அல்மா அட்டாப் பிரகடனம், சுகாதாரத்தைத் திட்டமிடுவதிலும் நடைமுறைப்படுத்துவதிலும் பங்குபற்றுதல் மக்களின் உரிமையும் கடமையுமாகும் என்றது. 1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடஞ் சென்றது. இருந்தும், 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளிடையே வயதிற்கேற்ற உயரமின்மை நாடளாவிய ரீதியில் 17 வீதமாயிருக்க, தோட்டப்புறத்தில் ஏறத்தாழ 32 வீதமாயிருந்தது. கைந்நூல்கள் பெருகியும் இவ்வேறுபாடு நீங்கவில்லை.

மலையில் ஒதுங்க இடமின்றித் தண்ணீர் குடிப்பதைக் குறைப்பதையும், கிளினிக்கிற்குச் சென்றால் அன்றைய பேர் விழாதென்பதையும் அறிந்தவள் கொழுந்து பறிப்பவளே. அவளது இவ்வறிவு இதுகாறும் தரவாகக்கூட மதிக்கப்படவில்லை. ஊவாவிற்கென ஆராய்ச்சியாளர் இனிக் கூடி எழுதும் கைந்நூலில் அவள் எண்ணப்படுபவளாக மட்டுமன்றி, எழுதுவோருள் ஒருத்தியாகவும் இடம்பெறல் வேண்டும். கூலி, லயம், மலசலகூடம் என்பன பின்னிணைப்பிலன்றி முதலதிகாரத்தில் வருவதும் அப்பொழுதே சாத்தியமாகும்.