சிறு பவளத் தொட்டி: பவளங்கள் நலிவதும் காரணம் அறிவதும்

சிறு பவளத் தொட்டி என்பது கடல்நீரில் உயிருள்ள பவளங்களை வீட்டில் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி. ஏறத்தாழ 100 லிட்டருக்குக் குறைந்த கொள்ளளவு உடையதை வளர்ப்போர் ‘நானோ டேங்க்’ என்பர். ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங், கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறையையும் காற்றுக் குமிழிகளையும் கொண்டே பவளம் வளர்த்த தம் முறையை 1961-இல் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழ் ஒன்றில் விவரித்தார். இன்றைய தொட்டிகளிலும் நீரைத் தூய்மையாக்கும் வேலையில் பெரும்பகுதியை அந்தப் பாறையில் வாழும் நுண்ணுயிர்களே செய்கின்றன.

இத்தகைய தொட்டியில் பவளம் நலியும்போது, எந்த அளவு தவறாக இருக்கிறது என்று தேடுவதைவிட, அண்மையில் எது மாறியது என்று தேடுவது விரைவில் விடை தரும். வெப்பநிலை, உப்பு, காரத்தன்மை ஆகியவை நாளுக்கு நாள் பெரிதும் மாறாத நீரில் வாழ்ந்து பழகியவை பாறை கட்டும் பவளங்கள். சற்றே குறைவான அளவையும் அது நிலையாக இருந்தால் பொறுத்துக்கொள்ளும். ஏறி இறங்கும் அளவை அவற்றால் தாங்க முடியாது.

அறிகுறிகள்

பவளத்தின் சதைக்குள் சூசாந்தெல்லே என்னும் நுண்பாசிகள் வாழ்ந்து, ஒளியிலிருந்து உணவு ஆக்கித் தருகின்றன. பவளம் அவற்றை இழப்பதே வெளிறல். சதையே சுண்ணாம்புக் கூட்டிலிருந்து உரிந்துபோவது வேறு நோய். இரண்டும் வெள்ளையாகத் தெரிவதால் பலர் குழம்பி, உயிரோடிருக்கும் பவளத்தைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் பாய்ச்சிப் பார்த்தால் வேறுபாடு தெரியும். வெளிறிய பவளத்தின்மேல் கண்ணாடி போன்ற மெல்லிய சதைப்படலம் மின்னும். பவளத்தின் சிற்றுயிர்களான பாலிப்புகள் இன்னும் நீண்டு சுருங்கும். சதை போன இடத்தில் கூட்டின் வரிகள் கூர்மையாகத் தெரியும். சில நாட்களில் பச்சைப் பாசி படியும். வெளிறியது மீளக்கூடும், உரிந்த இடம் எளிதில் மீளாது.

பவளம் பழுப்பாவது பெரும்பாலும் நுண்பாசி பெருகியதன் அடையாளம். ஒளி குறைந்திருக்கலாம், அல்லது நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் கூடியிருக்கலாம். அதனால் பவளம் உடனே சாகாது.

முதலில் கருவி

நீரைத் திருத்துமுன் அளக்கும் கருவியைச் சோதிக்க வேண்டும். முள் நகரும் மலிவான உப்புமானிகள் ஒரு சிறு குமிழி ஒட்டினாலே பொய் சொல்லும். ஒளிவிலகலைக் கொண்டு உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தூய நீரை வைத்துச் சுழியத்துக்குக் கொண்டுவந்தால் போதாது. ஆயிரத்துக்கு 35 பங்கு உப்புள்ள தரக்கரைசலை வைத்துச் சரிபார்க்க வேண்டும். தொட்டி நீரை அளப்பது அந்த அளவைச் சுற்றித்தான். நல்ல நீரைத் தவறான கருவியை நம்பித் ‘திருத்தி’க் கெடுத்த தொட்டிகள் பல.

உப்பும் வெப்பமும்

ஆவியாகிப் போவது நீர் மட்டுமே, உப்பு தங்கிவிடும். 40 லிட்டர் நீருள்ள தொட்டியில் நாளுக்கு ஒரு லிட்டர் ஆவியானால், ஒரே நாளில் உப்பு 35-இலிருந்து 35.9 ஆகும், மூன்று நாள் ஊர் சென்று வந்தால் 37.8. ஊர் திரும்பியவர் பதறி ஒரே மூச்சில் மூன்று லிட்டர் நன்னீரை ஊற்றினால் அது இரண்டாவது அடி. குறையும் நீரைத் தானாக நிரப்பும் சிறு பம்ப்தான் நானோ தொட்டிக்கு வாங்க வேண்டிய முதல் கருவி என்பேன். விலையுயர்ந்த விளக்கு அதற்குப் பிறகு.

வெப்பநிலை 25 முதல் 26 டிகிரி செல்சியஸ் இருப்பது நல்லது. ஹீட்டரின் தெர்மோஸ்டாட் ‘ஆன்’ நிலையிலேயே சிக்கிக்கொள்வது அடிக்கடி நடப்பது. தனியான வெப்பக் கட்டுப்படுத்தி ஒன்று காப்பாற்றும். வெப்ப நாடுகளில் கவலை தலைகீழ்: கோடையில் நீரைக் குளிர்விக்கும் சில்லரோ, நீர்ப்பரப்பின் மேல் வீசும் மின்விசிறியோ வேண்டும். விசிறி ஆவியாதலைக் கூட்டும் என்பதால் உப்பைக் கவனிக்க வேண்டும்.

காரத்தன்மை

வன்பவளங்களின் நலிவுக்குக் காரணம் தேடுபவர் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். பவளம் கூடு கட்டக் கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுக்கிறது. 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) கால்சியம் செலவாகும்போது காரத்தன்மை சுமார் 2.8 டிகேஎச் (காரத்தன்மையின் அலகு) இறங்குகிறது. அதாவது கால்சியம் 420-இலிருந்து 400 ஆவதற்குள், காரத்தன்மை 8-இலிருந்து 5.2-க்கு விழுந்திருக்கும். கால்சியத்தை மட்டும் அளப்பவர் எல்லாம் சரி என்றே நினைப்பார். பவளங்கள் நன்றாக வளரத் தொடங்கிய சில மாதங்களில் இந்தச் சரிவு வருவதுதான் வேதனை: வளர்ச்சியே செலவைக் கூட்டிவிடுகிறது.

கடல்நீரின் காரத்தன்மை சுமார் 7 டிகேஎச். 7 முதல் 9 வரை எந்த எண்ணையும் தேர்ந்து அதிலேயே நிற்கலாம். விழுந்ததை நாளுக்கு ஒரு டிகேஎச்சுக்கு மேல் உயர்த்தக் கூடாது. சில உப்புப் பொடிகள் 11-க்கும் மேல் காரத்தன்மை உடையவை. 7-இல் நிற்கும் தொட்டிக்கு அந்த நீரை ஒரேயடியாகப் பாதி மாற்றுவது, நோயாளிக்கு மருந்தென்று கொடுத்த அதிர்ச்சி. ஈடுசெய்யும் கரைசலை எவ்வளவு ஊற்றியும் காரத்தன்மையும் கால்சியமும் நிற்கவில்லை என்றால் மக்னீசியத்தை அளக்கவும். அது 1,300 பிபிஎம்மைவிட மிகக் குறைந்திருந்தால் சுண்ணாம்பு பம்பிலும் ஹீட்டரிலும் வெள்ளைப் படிவாக இறங்கிவிடும்.

சத்தும் ஒளியும்

நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் சுழியமாக்குவது தூய்மை என்ற எண்ணம் பல தொட்டிகளைப் பட்டினி போட்டிருக்கிறது. நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம் வரை இருந்தால் பவளத்துக்கு உணவு உண்டு. இரண்டும் அற்றுப்போன நீரில் பவளம் வெளிறும். மணலில் குமிழிகளோடு பழுப்பு நூல் போலப் படரும் டைனோஃபிளாஜெல்லேட்டுகள் தலையெடுக்கும். ஒளியும் திடீரென மாறக் கூடாது: புதிய எல்.இ.டி. விளக்கைப் பாதி ஒளியில் தொடங்கிச் சில வாரங்களில் கூட்ட வேண்டும்.

இரவில் பார்க்க வேண்டியவை

விளக்கணைத்து இரண்டு மணி நேரம் கழித்துச் சிவப்பு டார்ச்சோடு பார்த்தால் பகலில் தெரியாதது தெரியும். கலாக்ஸியா போன்ற பவளம் நூலிழை போன்ற கொட்டுக்கைகளை ஒரு சாணுக்கு நீட்டிப் பக்கத்துப் பவளத்தைச் சுடும். சுட்ட இடம் மறுநாள் ஒரே பக்கமாக வெளுத்திருக்கும். தட்டைப்புழுக்களும் ஓடில்லா நத்தைகளும் மேய்வதையும் இரவில் பிடிக்கலாம். கண்ணில் படாத தாக்குதலும் உண்டு: தோல்பவளங்கள் நீரில் கலக்கும் நச்சுப்பொருள்களைச் செயலூட்டிய கரி உறிஞ்சும்.

யூஃபிலியா என்னும் வன்பவளத்தின் தலை சுருங்கி, மூக்குச்சளி போன்ற பழுப்புக் கூழ் வழிந்தால் காத்திருக்கக் கூடாது. நீரோட்டத்தை நிறுத்தி, கூழைக் குழாயால் உறிஞ்சி வெளியே கொட்டிவிட்டு, பவளத்தைத் தனி வாளிக்கு மாற்ற வேண்டும். கூழ் பட்ட அடுத்த தலையும் அழியும். கூழின் அழுகல் நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர் மறப்பதில்லை.

நத்தையும் இறாலும் முதலில் இறந்தால் நச்சை ஐயுற வேண்டும்: தாமிரம் கலந்த மீன் மருந்து, கொசு மருந்துத் தெளிப்பு, துருவேறிய பம்ப் காந்தம். ஊற்றும் நன்னீரையும் ஐயுற வேண்டும்: வீட்டுக் குடிநீர் ஆர்.ஓ. எந்திரங்கள் பல, சுவைக்காகக் கொஞ்சம் உப்பை விட்டுவைக்கின்றன. தொட்டிக்கு, கரைந்த பொருள்களை அளக்கும் டி.டி.எஸ். மானி சுழியம் காட்டும் நீர் வேண்டும்.

சட்டம்

இந்தியாவில் பாறை கட்டும் பவளங்கள் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. மன்னார் வளைகுடாவிலிருந்தோ வேறு கடலிலிருந்தோ அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம். உலக நாடுகளுக்கிடையே வன்பவள வணிகத்துக்கு, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் அனுமதி தேவை.

மீட்பு

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, தேதியோடு குறித்துவைத்து, சில நாட்கள் காத்திருக்க வேண்டும். சதை அடியிலிருந்து உரிந்து ஏறிக்கொண்டே போகும் ஆக்ரோபோரா என்னும் கிளைப்பவளத்தை முழுதாகக் காப்பாற்றுவது அரிது. உரியும் கோட்டுக்கு ஓரிரு சென்டிமீட்டர் மேலே, நல்ல சதையில் நுனியை வெட்டி, சூப்பர் குளூ ஜெல்லால் ஒரு சிறு கல்லில் ஒட்டி, மிதமான ஒளியில் வைப்பர். பிழைத்தால், சில வாரங்களில் வெட்டுவாயிலிருந்து வெளிர்நிற விளிம்பொன்று கசிந்து, பசையின் மேலேறி, கல்லைப் பற்றத் தொடங்கும்.