வெல்லஸ்ஸ

சிங்களத்தில் ‘வெல’ என்றால் வயல். அதன் பன்மை ‘வெல்’. ‘லஸ்ஸ’ நம் இலட்சத்தின் உறவுச்சொல். ஆக, வெல்லஸ்ஸ என்பது இலட்சம் வயல். எண்ணிப் பார்த்து வைத்த கணக்கல்ல, குளங்களை நம்பிக் குடியேறியவர்களின் செழிப்புப் பெயர்.

இலங்கையின் கண்டி இராச்சியத்துக் கிழக்கு ஓரமான இப்பகுதி 1815இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1817இல் கிளர்ச்சி வெடித்தது. அடக்க அனுப்பப்பட்ட ஊவாவின் திசாவையான (ஆளுநரான) கெப்பெட்டிபொலவே கிளர்ச்சியாளரோடு சேர்ந்தார். 1818 நவம்பரில் அவர் தலை வெட்டப்பட்டது. வயல்கள் எரிந்தன, குளங்கள் உடைந்தன. பெயர் மட்டும் பொருளிழந்து நின்றது.

1886இல் பதுளையைத் தலைநகராக்கி, வெல்லஸ்ஸவையும் உள்ளடக்கி, ஊவா தனி மாகாணமானது. ‘ஒன்பது சிகரம்’ எனப் பொருள்படும் அம்மாகாணத்து நமுனுகுல மலையின் சரிவுகளில் இன்று தேயிலை விளைகிறது. வெல்லஸ்ஸவின் பெரும்பகுதி மொனராகலை மாவட்டத்தில் அடங்கும்.