பல்லாங்குழியும் சொங்காக்கும்

மலேசிய நாட்டின் பத்துக் காசு நாணயத்தைக் கையில் எடுத்துச் செலவழித்தோர் பலர். அதில் பொறித்த உருவத்தை உற்று நோக்கியோர் சிலரே. 1989ஆம் ஆண்டு வெளிவந்த நாணய வரிசையில், அக்காசின் ஒரு புறத்தே சொங்காக் பலகை இடம்பெற்றது. மலாய் மக்கள் தமக்குரியதெனப் போற்றும் அப்பலகையைக் காணும் தமிழ்ப் பாட்டியர், "இது நம் பல்லாங்குழி அன்றோ?" என்பர். இருவர் கூற்றும் பொய்யன்று.

தமிழர் பலகையில் வரிசைக்கு ஏழாகப் பதினான்கு குழிகள் உள்ளன. சொங்காக்கிலும் அவ்வாறே, ஆனால் இரு முனைகளிலும் 'ரூமா', அதாவது வீடு, எனப்படும் பெருங்குழிகள் இரண்டு கூடுதலாக உண்டு. குழிக்கு ஏழாக 98 காய்களை இட்டு அதனை ஆடுவர். பல்லாங்குழியிலோ குழிக்கு ஐந்தாக 70 காய்களை இட்டு ஆடும் வழக்கம் உண்டு. சோழியும் புளியங்கொட்டையும் மஞ்சாடி விதையும் காய்களாகும். ஒரு குழியில் நான்கு காய்கள் சேர்ந்தால் அதற்குப் 'பசு' என்று பெயர். குழிக்குரியவர் அதனை எடுத்துக்கொள்வார். சொங்காக்கில் பசு இல்லை. வீட்டை நிரப்புவதே நோக்கம். கடைசிக் காய் தன் பக்கத்து வெறுங்குழியில் விழுந்தால், எதிர்க்குழிக் காய்கள் ஆடுபவருக்கே உரியன. உழவர்தம் வாழ்விலிருந்து ஒன்று பசுவையும் மற்றொன்று வீட்டையும் எடுத்துக்கொண்டன போலும்!

இவ்விரண்டும் ஒரு பெருங்குடும்பத்தின் கிளைகள். கன்னடத்தில் அளிகுளிமணெ, பிலிப்பீன்சில் சுங்கா, ஆப்பிரிக்க நாடுகளில் இன்னும் பல பெயர்கள். ஸ்டூவர்ட் கியூலின் 1894ஆம் ஆண்டிலும், எச். ஜே. ஆர். மர்ரே 1952ஆம் ஆண்டிலும் இவற்றை ஆராய்ந்து எழுதினர். 'நகர்த்துதல்' எனப் பொருள்படும் அரபுச் சொல்லடியாகப் பிறந்த 'மன்காலா' என்பதே இக்குடும்பத்தின் பொதுப்பெயர். கடல்வழியே மிளகும் துணியும் சென்ற இடமெல்லாம் விளையாட்டும் செல்லுதல் இயல்பே.

அம்பாங் வட்டாரத்தின் வரலாறும் பலர் வந்து கூடிய வரலாறுதான். 1857ஆம் ஆண்டில் ஈயம் தேடிச் சீனத் தொழிலாளர் 87 பேர் கிள்ளான் ஆற்றின் வழியே அங்குச் சென்றனர். அவருட் பெரும்பாலோர் காய்ச்சலுக்கு இரையாயினர். பின்னர் ரப்பர்த் தோட்டங்களுக்கும் இருப்புப்பாதைப் பணிக்கும் தமிழர் கிள்ளான் பள்ளத்தாக்கிற்கு வந்தனர். பலகை இல்லாதோர்க்கு மண்ணே பலகை. குழி தோண்டினால் ஆட்டம் தொடங்கிவிடும். அம்பாங் அடங்கிய உலு லங்காட் மாவட்டத்திலேயே சுங்கை சொங்காக் என்னும் பெயருடைய ஆறும் ஓடுகின்றது.

இன்று இவ்விளையாட்டு கணினித் திரைக்கும் ஏறிவிட்டது. 2002ஆம் ஆண்டில், இக்குடும்பத்தைச் சேர்ந்த அவாரி என்னும் ஆட்டத்தை ஆம்ஸ்டர்டாம் நகரின் வ்ரையே பல்கலைக்கழக அறிஞர்களான ரோமைன், பால் ஆகியோர் கணினியால் முற்றும் ஆராய்ந்தனர். ஏறத்தாழ 88,900 கோடி நிலைகளைக் கணக்கிட்டு, இருவரும் பிழையின்றி ஆடினால் வெற்றி தோல்வி இல்லை என நிறுவினர்.

விடை தெரிந்தபின் ஆட்டம் எதற்கு எனக் கேட்கலாம். விடை காண்பதற்காக மட்டுமா நம் பெண்டிர் ஆடினர்? குழியிலுள்ள காயைக் கண்ணால் எண்ணி, அது சென்று முடியும் இடத்தை மனத்தால் அளந்து, எதிரில் இருப்பவரோடு பேசிச் சிரித்து ஆடினர். கைப்பேசித் திரையிலோ எண்ணும் வேலையைக் கருவியே செய்துவிடுகிறது. காய்கள் தாமே ஓடுகின்றன. எளிமை வந்தது, எண்ணும் பயிற்சி போயிற்று. 2012ஆம் ஆண்டு வந்த புதிய நாணய வரிசையில் சொங்காக் பலகையும் இடம்பெறவில்லை.

ஆகவே, தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் கணக்குப் பாடத்தின் ஓரத்தில் இப்பலகைக்கு ஓரிடம் தருதல் நன்று. ஒரு புறம் தமிழ்ச் சிறுமியும் மறுபுறம் மலாய்ச் சிறுமியும் அமரட்டும். எவர் முறைப்படி ஆடுவது என்று முதலில் பேசி முடிவு செய்ய வேண்டியிருக்கும். அந்தப் பேச்சே அவ்விளையாட்டு நமக்குத் தரும் முதற்பாடம்.