கேளாத விடை: ஹாரி பாட்டர் தொடரின் பின்கதையும் வாசகர் எதிர்வினையும்

ஜே.கே. ரௌலிங்கின் 'ஹாரி பாட்டர் அண்ட் த டெத்லி ஹாலோஸ்' 2007 ஜூலை 21 நள்ளிரவில் விற்பனைக்கு வந்தது. முதல் 24 மணி நேரத்தில் அமெரிக்காவில் 83 லட்சம் பிரதிகளும் பிரிட்டனில் 26 லட்சத்துக்கு மேலும் விற்றன. 1997இல் தொடங்கிய ஏழு நூல் தொடர் இதோடு முடிந்தது. நூலுக்கு வரவேற்பு குறைவில்லை. ஆனால் வாசகர்களிடையே இன்றுவரை ஓயாத வழக்கு, அதன் 36 அத்தியாயங்களை விடவும், அவற்றுக்குப் பின் வரும் சில பக்கப் பின்கதையைப் பற்றியதாகவே இருக்கிறது.

பின்கதை மிகையாக இனிக்கிறது, அதனால் பிடிக்கவில்லை என்பது வழக்கமான விளக்கம். அது போதாது. மாயக் கதையின் வாசகர் சுபமான முடிவை வெறுப்பவர் அல்லர். வாசகர் தமக்கென்று வைத்திருந்த வேலையை ஆசிரியர் கேளாமலே செய்து முடித்ததுதான் மனக்குறையின் வேர் என்பது இக்கட்டுரையின் வாதம்.

காத்திருப்பு என்னும் வாசிப்பு

ஆறாம் நூல் 2005 ஜூலை 16 அன்று வெளிவந்தது. அதற்கும் ஏழாம் நூலுக்கும் இடையே இரண்டு ஆண்டுகள். அந்த இடைவெளியில் வாசகர் சும்மா இருக்கவில்லை. ஆறாம் நூலின் இறுதியில் ஒரு போலி லாக்கெட் கிடைக்கிறது. உள்ளே ஒரு சீட்டு. சீட்டின் அடியில் 'ஆர்.ஏ.பி.' என்ற முதலெழுத்துகள் மட்டும். யார் அவர்? ஹாரியின் ஞானத்தந்தை சிரியஸ் பிளாக்கின் தம்பி ரெகுலஸ் என்று பலர் ஊகித்தனர். ஊகத்துக்குச் சான்று மொழிபெயர்ப்புகளில் கிடைத்தது. டச்சுப் பதிப்பில் பிளாக் குடும்பத்தின் பெயர் 'ஸ்வார்ட்ஸ்' (கறுப்பு என்று பொருள்படும் டச்சுச் சொல்லிலிருந்து வந்தது). அங்கே சீட்டின் கடைசி எழுத்து 'பி' அன்று, 'இசட்'. நார்வேஜியப் பதிப்பில் அது 'எஸ்' ஆயிற்று. அம்மொழியிலும் குடும்பப் பெயர் கறுப்பைக் குறிக்கும் சொல்தான். சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் காணும் பதிப்பாசிரியரின் வேலையைப் பள்ளி மாணவர்கள் செய்தார்கள். ஏழாம் நூல் அவர்கள் ஊகம் சரியென்று உறுதி செய்தது.

ஹாரியின் ஆசிரியர் ஸ்னேப் நல்லவரா கெட்டவரா என்ற வழக்கும் இப்படியே வளர்ந்தது. அமெரிக்கப் புத்தகக் கடை நிறுவனமான பார்டர்ஸ் இரு கட்சிக்கும் ஸ்டிக்கர்கள் கொடுத்து அதை விற்பனை உத்தியாகவே ஆக்கியது. ஆக, தொடரின் வாசிப்பு என்பது அச்சிட்ட பக்கங்களோடு முடிவதில்லை. பக்கங்களுக்கு இடையிலான ஆண்டுகளும் அதில் அடக்கம். வாசிப்புக் கோட்பாட்டாளர் வோல்ஃப்காங் ஈசர் பேசிய, வாசகர் நிரப்ப வேண்டிய 'வெற்றிடங்கள்' ஒரு நூலுக்குள் இருப்பவை. தொடர்கதையில் அவை நாட்காட்டியிலும் இருக்கின்றன.

இரண்டு முடிவுகள்

ஏழாம் நூலுக்கு உண்மையில் இரண்டு முடிவுகள். 36ஆம் அத்தியாயத்தின் கடைசியில், எதிரி வால்டமோர்ட்டை வென்ற ஹாரி, முறிந்துபோன தன் பழைய கோலை எல்லாம் வல்ல எல்டர் மந்திரக்கோலால் ஒட்டவைக்கிறான். அதற்குப் பிறகு அவன் நினைப்பதெல்லாம் தன் படுக்கையைப் பற்றியும், வீட்டுப் பணி எல்ஃபான கிரீச்சர் ஒரு சாண்ட்விச் கொண்டுவருமா என்பதைப் பற்றியும்தான். வெற்றி பெற்றவனிடம் பெருமிதத்தைக் காணோம். அலுப்பும் பசியும் மட்டுமே இருக்கின்றன. அந்த அலுப்பில் வாசகர் தம் கற்பனையை உட்கார வைக்க இடம் இருக்கிறது.

அடுத்த பக்கத்தில் கதை 19 ஆண்டுகள் தாவிவிடுகிறது. கிங்ஸ் கிராஸ் ரயில் நிலையம். ஹாரிக்கும் ஜின்னிக்கும் மூன்று பிள்ளைகள், அவன் நண்பர்கள் ரானுக்கும் ஹெர்மாயினிக்கும் இருவர். ஹாரி தன் மகனுக்கு இட்ட ஆல்பஸ் செவரஸ் என்ற பெயரால் (செவரஸ் என்பது ஸ்னேப்பின் முதற்பெயர்) ஸ்னேப் பற்றிய வழக்குக்கும் ஹாரியின் வாயிலாகத் தீர்ப்பு வழங்கப்படுகிறது. ஆனால் ரானின் அண்ணன்களான இரட்டையரில் ஃப்ரெட் இறந்தபின் ஜார்ஜ் எப்படி வாழ்ந்தான்? ஹாரி என்ன வேலை பார்க்கிறான்? வாசகர் கேட்ட இவற்றுக்கு அங்கே பதில் இல்லை. யாருக்கு யாரோடு திருமணம், பிள்ளைகளின் பெயர் என்ன என்று வாசகர் தாமே எழுதிப் பார்க்க விரும்பியவற்றுக்கு மட்டும் பதில் இருக்கிறது.

இந்த ஆபத்தை டோல்கீன் முன்பே கண்டார். 'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' நூலுக்கு அவர் ஒரு பின்கதை எழுதியிருந்தார்: ஆண்டுகள் கழித்து கதைமாந்தன் சாம் தன் பிள்ளைகளுக்கு, நடந்ததைப் பதிந்த சிவப்பு நூலைப் படித்துக் காட்டி, யார் என்ன ஆனார்கள் என்று சொல்கிறான். கைப்பிரதியைப் படித்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை, டோல்கீன் நீக்கிவிட்டார். 1992இல் 'சாரன் டிஃபீட்டட்' தொகுப்பில்தான் அது அச்சேறியது.

கேட்ட விடை

எதிர்ப்பக்கத்துக்கு, அதாவது வாசகர் கேட்டபின் தந்த விடைக்கு, நம்மிடமே சான்று உண்டு. 1950 முதல் 1954 வரை வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' முடிந்தபோது, கதை சட்டென்று நின்றுவிட்டதாக வாசகர்கள் குறைப்பட்டார்கள். அதன் ஆசிரியர் கல்கி தனியே முடிவுரை எழுதி, பாத்திரங்களின் பிற்கால நிலையைச் சுருக்கமாகச் சொன்னார். அந்த விடை கதைக்கு வெளியே நின்றது. கேட்டவர்க்குச் சொன்னதாக இருந்தது.

ரௌலிங்கின் பிற்காலப் பேச்சுகளையும், கேட்டதா கேளாததா என்ற இந்த அளவுகோலால் அளக்கலாம். நூல் வெளிவந்த சில நாட்களிலேயே வாசகர் கேள்விகளுக்கு அவர் பதில் சொன்னார்; ஹாரி ஆரர் எனும் மந்திரக் காவலர் பணியில் சேர்ந்த செய்தி பெரிய சச்சரவை எழுப்பவில்லை. 2014இல், ரானையும் ஹெர்மாயினியையும் சேர்த்து வைத்தது தம் சொந்த ஆசையின் நிறைவேற்றமே என்று அவர் சொன்னபோதோ வாசகர் உலகம் இரண்டாகப் பிளந்தது. இடையில் 2007 அக்டோபரில் நியூயார்க் கார்னகி ஹாலில், பள்ளித் தலைமையாசிரியர் டம்பிள்டோர் யாரையாவது காதலித்தாரா என்று ஒரு வாசகர் கேட்க, டம்பிள்டோர் தன்பால் ஈர்ப்பு உடையவர் என்றார் ரௌலிங். அரங்கம் கைதட்டியது. எனினும், அதை நூலுக்குள்ளேயே ஏன் வைக்கவில்லை என்ற குறையும் எழுந்தது. கேட்டுப் பெற்ற விடையும் எல்லோரையும் நிறைவு செய்வதில்லை என்பதை இது காட்டுகிறது. ஆனால் அங்கே புகார், விடை வந்ததைப் பற்றியதன்று. வந்த இடத்தைப் பற்றியது.

ரசிகர் புனைவு எழுதுவோர் இதற்குத் தம் வழியில் தீர்வு கண்டனர். 'பின்கதையா? எந்தப் பின்கதை?' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரை 'இ.டபிள்யூ.இ.' என்று சுருக்கித் தம் கதைகளின் மேல் அடையாளமாகப் பொறித்தனர். 36 அத்தியாயங்களையும் ஏற்கிறோம், அவற்றின் பின் வருவது எங்களுடையது என்பதே அதன் பொருள். இதை வெறுப்பென்று சொல்வதைவிட எல்லை வகுத்தல் என்று சொல்வது பொருந்தும்.

முடிவுரை

இவ்வாதத்துக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு: குறைப்பட்டவர்களின் குரல்தான் நம் காதில் விழுகிறது, பின்கதையை ரசித்துப் புத்தகத்தை மூடிவைத்தவர்கள் பேசவில்லை. உண்மைதான். விற்பனை எண்ணிக்கையும் இதைத் தீர்க்காது. அது வாங்கியவரைக் கணக்கிடுமே தவிர, நிறைந்த மனத்தைக் கணக்கிடாது.

ஆயினும் வாதத்தைச் சோதிக்க வழி இருக்கிறது. 1997இல் 11 வயதில் முதல் நூலைத் தொட்டவருக்குக் கடைசி நூல் வரும்போது வயது 21. இன்று தொடரைக் கையில் எடுக்கும் சிறுமி ஏழு நூல்களையும் ஒரே கோடை விடுமுறையில் படித்துவிடுவாள். அவளுக்குக் காத்திருப்பும் இல்லை, ஊகித்து வைத்த சொத்தும் இல்லை. இக்கட்டுரையின் வாதம் சரியென்றால் அவளைப் பின்கதை உறுத்தாது. உறுத்துமானால் வாதம் தவறு. ஆகவே வாசகர் எதிர்வினையை ஆய்பவர்கள், முடிவு பிடித்ததா என்று கேட்கும் முன், அதற்காக எத்தனை ஆண்டு காத்திருந்தீர்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும்.