முல்லோயாவில் பாய்ந்த குண்டு

இரண்டாம் உலக மகாயுத்தக் காலத்துக் கண்டியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஒரு கதையையே சொல்வர். 1944-ம் ஆண்டு ஏப்ரல் மாதத்திலே மவுண்ட்பேட்டன் பிரபு தமது தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூந்தோட்டத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து போரை நடத்திய கதையே அது. அது உண்மையே. ஆயினும் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னர், இதே கண்டிச் சீமையின் தோட்டமொன்றில் ஒரு தமிழ்த் தொழிலாளியின் உயிரைக் குடித்த துப்பாக்கிக் குண்டு, கொழும்பிலே மந்திரிமாரின் ஆசனங்களையே ஆட்டிவைத்தது. அந்தக் கதையை நம் இளைஞருட் பலர் கேட்டிருக்கமாட்டார்கள்.

1939 செப்டெம்பரில் யுத்தம் மூண்டது. சாமான்களின் விலை ஏறிற்று. தோட்டக் கூலி ஏறவில்லை. அதே வேளை மலைநாட்டில் ஒரு புதிய விழிப்பும் தோன்றியிருந்தது. கோ. நடேசையர் 1931-லேயே தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் அமைத்து வழிகாட்டியிருந்தார். 1939 ஜூலையில் பண்டித நேரு இலங்கைக்கு வந்தபோது இலங்கை இந்திய காங்கிரஸ் உருவாயிற்று. லங்கா சமசமாஜக் கட்சியினரும் தோட்டங்களுக்குள் சென்று சங்கம் வளர்த்தனர். துரையின் முன் தலைப்பாகையைக் கழற்றி நின்ற கைகள் கோரிக்கை மனுவை நீட்டத் தொடங்கின.

கண்டிக்குத் தென்கிழக்கே ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்துத் தொழிலாளர், நாட்கூலியில் சில சதங்களை உயர்த்தித் தருமாறு கேட்டு 1940-ம் ஆண்டின் தொடக்கத்திலே வேலைநிறுத்தம் செய்தனர். ஜனவரி மாதம் 10-ந் திகதி பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிர் துறந்தார். தைப்பொங்கலுக்குச் சில நாட்களே இருந்தன. தை பிறந்தால் வழி பிறக்கும் என்று காத்திருந்த ஒரு குடும்பத்துக்கு, அந்தத் தை துக்கத்தோடு பிறந்தது.

எழுந்த கிளர்ச்சியால் அரசாங்கம் விசாரணைக் குழு ஒன்றை நியமித்தது. கோவிந்தனின் மனைவிக்காக அக்குழுவின் முன் வாதாடியவர் டாக்டர் கொல்வின் ஆர். டி சில்வா. இதற்கிடையில், தொழிலாளர் மீது பொலிஸார் தொடுத்த வழக்குகளை விசாரணை முடியும்வரை ஒத்திவைக்குமாறு உள்நாட்டு மந்திரி சொன்னார். பொலிஸ் மாஅதிபர் இணங்கவில்லை. தேசாதிபதி சேர் அன்ட்ரூ கால்டிகொட் பொலிஸ் மாஅதிபரின் பக்கமே நின்றார். மந்திரிமார் இராஜினாமாச் செய்தனர். பின்னர் அவர்கள் மீண்டும் பதவியேற்றார்கள் என்பது வேறு. ஆனால் 1931 முதல் சர்வசன வாக்குரிமை பெற்றிருந்த நாட்டிலே, மக்கள் தெரிவுசெய்த மந்திரிக்குப் பொலிஸாரைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் இல்லை என்ற உண்மையை வெளிச்சமிட்டுக் காட்டியது முல்லோயாவே.

தோட்டங்களில் வேலைநிறுத்தங்கள் பரவின. 1940 ஜூனில் அரசாங்கம் சமசமாஜத் தலைவர்களைச் சிறைப்படுத்தியது. அரசாங்க சபை அங்கத்தவர்களான என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன ஆகியோரும், கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி ஆகியோரும் பின்னர் நம் கண்டி நகரத்துப் போகம்பறைச் சிறையில் அடைக்கப்பட்டனர். 1942 ஏப்ரல் 5-ந் திகதி யப்பானிய விமானங்கள் கொழும்பையும், 9-ந் திகதி திருகோணமலையையும் தாக்கின. நாடே கலங்கியிருந்த அந்த ஏப்ரல் மாதத்தில், சிறைக் காவலர் ஒருவரின் துணையோடு நால்வரும் தப்பிச் சென்றனர். பின்னர் அவர்களுட் சிலர் பாக்கு நீரிணையைக் கடந்து இந்தியா சேர்ந்து, 'வெள்ளையனே வெளியேறு' இயக்கக் காலத்தில் மறைந்திருந்து உழைத்தனர். பெரேராவும் குணவர்த்தனவும் 1943-ல் பம்பாயிலே பிடிபட்டு இலங்கைக்கே திருப்பி அனுப்பப்பட்டனர்.

இந்தத் தலைவர்கள் பிற்காலத்தில் புகழ் பெற்றனர், பதவியும் பெற்றனர். கோவிந்தனின் மக்களுக்கோ வேறு விதி காத்திருந்தது. சுதந்திரம் கிடைத்த 1948-ம் ஆண்டிலேயே வந்த பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கியது. பெரேராவும் கொல்வினும் அதனை எதிர்த்தவர்களே. ஆயினும் 1964 அக்டோபரில், 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரசாவுரிமை வழங்கவும் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தான வேளை, நிதியமைச்சராயிருந்தவரும் அதே பெரேராதான். எஞ்சிய நாடற்றவருக்கு வழி திறந்தது 2003-ம் ஆண்டுச் சட்டமே. முல்லோயாவில் குண்டு பாய்ந்து அப்போது அறுபத்து மூன்று ஆண்டுகள் கழிந்துவிட்டன.

இதிலே நாம் உணரவேண்டியது ஒன்றுண்டு. சுதந்திரப் போராட்டம் என்றால் மேடைகளையும் மாநாடுகளையுமே நினைக்கிறோம். தலைவர்களின் வரலாறு ஏட்டிலே ஏறுகின்றது. அவர்களைத் தலைவராக்கிய ஏழைகளின் வரலாறு லயத்துத் திண்ணையோடு நின்றுவிடுகின்றது. கோவிந்தனின் பெயரையாவது நாம் அறிவோம். அவரோடு நின்று வேலை இழந்தோர், வழக்கிலே அலைந்தோர் பெயர்களை யார் எழுதிவைத்தார்?

மூதாதையரை நினைந்து வழிபடுவது நம் சமயம் விதித்த கடமை. அவர்கள் பட்ட பாட்டை அறிவதும் அக்கடமையின் ஒரு பகுதியே. நம் சங்கத்து இளைஞர்கள் தத்தம் வீட்டுப் பெரியோரிடம், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, யார் யார் என்று கேட்டு, ஒரு கொப்பியிலே எழுதிவைக்க வேண்டும். பெரியோரும் 'அது பழைய கதை' என்று ஒதுக்காமல் சொல்லியருள வேண்டும். தைப்பொங்கலை வரவேற்கும் அந்த ஜனவரி நாட்களிலே முல்லோயாக் கோவிந்தனையும் ஒரு கணம் நினைப்போமாக.